மஞ்சள் ஆச்சரியக்குறி

பாலாடாவில் கேரட் கழுவும் மிஷின்
இரவு ஒன்றரைக்கு நின்றது.
இருபத்திரண்டு மூட்டை, ஈரம் சொட்டச் சொட்ட.
தார்ப்பாய் கட்டி முடித்த பெள்ளன்
கைகளைக் குவித்து உள்ளே ஊதிக்கொண்டிருந்தான்.
சாவியைத் திருகினேன்.
எல்லா விளக்கும் எரிந்து, எல்லாம் அணைந்தன,
ஒன்று தவிர.

குதிரை லாடம் போல ஒரு வளைவு,
நடுவே ஆச்சரியக்குறி.
காற்று குறைகிறதாம்.
எந்தச் சக்கரத்தில் என்று சொல்லாது.
எவனோ பேசினான் என்பதற்காக
வகுப்பையே பெஞ்சில் ஏற்றிய
எங்கள் கணக்கு மிஸ் மாதிரி
நாலையும் குற்றவாளியாக்கிவிட்டு
சும்மா எரிந்தது.

பழைய வண்டியில் இந்த வம்பு கிடையாது.
இறங்கி ஓர் உதை.
திங் என்றால் காற்று இருக்கிறது,
தொப் என்றால் இல்லை.
இதற்கு மாதம் பதினெட்டாயிரத்து இருநூறு கட்டுகிறேன்.
உதைக்க மனம் வரவில்லை.

செல்போன் வெளிச்சத்தில் சுற்றி வந்தேன்.
காலடியில் உறைபனி நொறுங்கியது.
ஆணி இல்லை, கண்ணாடிச் சில்லு இல்லை.
வால்வு வாயில் எச்சில் தொட்டு வைத்தேன்.
குமிழி வரவில்லை, விரல்தான் விறைத்தது.
"குளிர்ல காத்து சுருங்கும்ணா," என்றான் பெள்ளன்.
இருக்கும்.
மேட்டுப்பாளையத்து மதியத்தில்,
சட்டை முதுகோடு ஒட்டும் வெயிலில் அடைத்த காற்று
இங்கே இரண்டு டிகிரியில்
முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அருவங்காட்டில் ஸைனுதீன்
ஷட்டரைப் பாதி தூக்கி, பாதித் தூக்கத்தோடு வந்தார்.
முன்னால் நான்கு குறைவு, பின்னால் ஆறு.
கம்ப்ரஸர் இருமி இருமி எழுந்தது.
நாலும் நிரம்பியது.
விளக்கு எரிந்தது.
தட்டினேன். எரிந்தது.
பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினோம்.
கடிகாரம் பன்னிரண்டுக்குப் போய் நின்றது,
விளக்கு எரிந்தது.
மண்டியில் ஐந்து மணிக்கு ஏலம்.

பேசாமல் ஒரு சாக்கை விரித்து
வண்டிக்கு அடியில் மல்லாந்தார் ஸைனுதீன்.
கால்கள் மட்டும் வெளியே,
ஒன்றில் சாக்ஸ், ஒன்றில் இல்லை.
உள்ளேயிருந்து ஸ்பானரால் ஒரு தட்டு.
தொப்.

ஸ்டெப்னி!
வாங்கிய நாளிலிருந்து நான் முகம் பார்க்காத ஐந்தாவது.
ஓடாமல், தேயாமல்,
சேறு பூசிக்கொண்டு சங்கிலியில் தொங்கியபடியே
கொஞ்சம் கொஞ்சமாய் மூச்சை விட்டிருக்கிறது.
அதற்கும் ஒரு சென்சார் வைத்திருக்கிறான்
எந்த ஊர்க்காரனோ.
சந்தேகப் பிராணி. நல்லா இருக்கட்டும்.

ஸைனுதீன் ரூபாய் வாங்கவில்லை.
கை கொள்ளுமளவு கேரட் எடுத்தார்,
ஒன்றை அங்கேயே கடித்தார்.
விளக்கு இன்னும் எரிந்தது.
"ஓடினாத்தான் அதுக்குத் தெரியும்.
பத்து நிமிஷம் நாப்பதுல போ."

நாற்பதா?
குன்னூருக்குக் கீழே எந்த வளைவு நாற்பது தரும்?
இரண்டாம் கியரில், பிரேக் வாடையில்,
கொண்டை ஊசி ஒவ்வொன்றிலும்
அந்த மஞ்சள் கூடவே இறங்கியது.
பர்லியாரில் ஓர் ஒற்றை யானை.
ஹெட்லைட்டை அணைத்துவிட்டு நின்றோம்.
இதை அணைக்க வழியில்லை.
பெள்ளன் உள்ளங்கையால் பொத்தினான்.
விரலிடுக்கில் கசிந்தது.
யானைக்கு எங்களைப் பற்றி அக்கறை இல்லை,
மூங்கிலுக்குள் போயிற்று.

கல்லாறு தாண்டினால் பாக்குத் தோப்பு, நேர் ரோடு.
வெதுவெதுப்பாய்க் காற்று.
ஸ்வெட்டரைக் கழற்றினான் பெள்ளன்.
நாற்பது. ஐம்பது.
நேற்று கிலோ முப்பத்தெட்டுக்குப் போனது,
இன்று கர்நாடகா லோடு வந்தால் விழும்,
வராவிட்டால் தேவலை, என்று பேசிக்கொண்டே போனோம்.
ரயில்வே கேட்டில் நின்றபோது குனிந்து பார்த்தேன்.
அந்த இடம் கறுப்பாக இருந்தது.
எங்கே அணைந்தது, எப்போது,
இருவருமே பார்க்கவில்லை.

கேட் திறக்கும் வரை அதையே பார்த்திருந்துவிட்டு,
"பல்பு போயிருச்சோண்ணா?"
என்றான் பெள்ளன்.